ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம்: வீட்டு வைஃபையைப் பூட்டுவது எப்படி?

2008 ஜூலை 26 மாலை அகமதாபாத்தில் தொடர் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு, செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் போனது. அது எந்த இணைய இணைப்பிலிருந்து வந்தது என்று தேடிய போலீஸ், நவி மும்பையின் சான்பாடாவில் ஓர் அடுக்குமாடி வீட்டில் போய் நின்றது. அங்கே குடியிருந்தவர் ஓர் அமெரிக்கர். அவருக்கும் அந்த அஞ்சலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவருடைய வைஃபைக்குள் யாரோ நுழைந்து அனுப்பிவிட்டுப் போயிருக்கிறார்கள். அது தெளிவாவதற்குள் அந்த மனிதர் பட்ட பாடு பெரும்பாடு.

"பக்கத்து வீட்டுக்காரர் ஓசியில் நெட் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும், நமக்கு அன்லிமிடெட் பிளான்தானே" என்று சொல்பவர்களிடம் நான் சொல்லும் கதை இது. டேட்டாவை மிச்சம் பிடிப்பதற்காக வைஃபையைப் பூட்டச் சொல்லவில்லை. அந்த இணைப்பு வழியாக யார் எதைச் செய்தாலும் முதலில் தட்டப்படுவது உங்கள் வீட்டுக் கதவு.

வேலை பெரியதில்லை. ஒரு லேப்டாப்போ போனோ இருந்தால் போதும், ஒரு மணி நேரத்தில் முடியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை நாளில் கை வைத்தால் வீட்டில் யாராவது ஆபீஸ் மீட்டிங்கில் இருப்பார்கள், திட்டு விழும். நான் வாங்கியிருக்கிறேன்.

படி 1: இப்போது என்ன பூட்டு தொங்குகிறது என்று பாருங்கள்

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் போய், வைஃபையைத் தொட்டு, இணைந்திருக்கும் நெட்வொர்க்கின் பெயரைத் திறந்தால் 'செக்யூரிட்டி' என்று ஒரு வரி இருக்கும். விண்டோஸ் கணினியில் அந்த நெட்வொர்க்கின் 'பிராப்பர்ட்டீஸ்' பக்கத்தில் கீழே இறங்கினால் 'செக்யூரிட்டி டைப்' தெரியும். ஐபோன் விவரம் எல்லாம் சொல்லாது. ஆனால் பூட்டு பழையதாக இருந்தால் நெட்வொர்க்கின் பெயருக்குக் கீழே 'வீக் செக்யூரிட்டி' என்று காட்டிவிடும்.

நீங்கள் பார்க்கப்போவது நான்கு பெயர்களில் ஒன்றாக இருக்கும். எதுவுமே இல்லாமல் 'ஓபன்' என்றிருந்தால் இந்தக் கட்டுரையைப் பாதியில் நிறுத்திவிட்டு நேராகப் படி 2-க்குப் போங்கள்.

டபிள்யூஇபி என்றிருந்தால் அது பூட்டே இல்லை, கயிறு. 1997-இல் வைஃபையின் முதல் தரநிலையோடு வந்தது. கம்பியில் போகும் தகவலுக்கு இருக்கும் அளவு பாதுகாப்பை காற்றில் போகும் தகவலுக்கும் தருவதுதான் நோக்கம். செய்த விதம் சரியில்லை. காற்றில் போகும் ஒவ்வொரு பாக்கெட்டையும் (தகவல் துண்டையும்) மறைக்க, உங்கள் சாவியோடு ஒரு 24 பிட் எண்ணைச் சேர்த்துக் கலக்குவார்கள். 24 பிட் என்றால் மொத்தமே 1.67 கோடி எண்கள். பரபரப்பான நெட்வொர்க்கில் சில மணி நேரத்தில் அவை தீர்ந்து, பழைய எண்களே திரும்ப வரும். போதாக்குறைக்கு அந்தக் கலக்கும் முறையிலேயே சாவியின் சாயல் கசிகிறது என்று 2001-இல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் என்ற மூவர் காட்டினார்கள். 2007-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஆய்வாளர்கள் ஒரே நிமிடத்துக்குள் சாவியை எடுத்துக் காட்டியதோடு கதை முடிந்தது.

அமெரிக்காவின் டிஜேஎக்ஸ் என்ற பெரிய சில்லறை வணிக நிறுவனம் இதில் சிக்கியது. மினசோட்டாவில் இருந்த ஒரு கிளைக் கடையின் வைஃபையில் பூட்டு பலவீனமாக இருந்தது. 2005-இல் அதன் வழியே உள்ளே போனவர்கள் தலைமையகக் கணினி வரை போய்விட்டார்கள். 2007-இல் விஷயம் வெளியே வந்தபோது நிறுவனமே ஒப்புக்கொண்ட கணக்கு நாலரைக் கோடி கார்டுகளுக்கும் மேல்.

அடுத்தது வெறும் டபிள்யூபிஏ. 2003-இல் அவசரத்துக்குப் போட்ட ஒட்டு. டபிள்யூஇபி உடைந்துவிட்டது, புதிய தரநிலை தயாராகவில்லை, கோடிக்கணக்கான கருவிகள் ஏற்கெனவே மக்கள் கையில் இருக்கின்றன. அவற்றைத் தூக்கிப் போடாமல் மென்பொருளை மட்டும் மாற்றிச் சமாளிக்க 'டிகேஐபி' என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். அந்த நேரத்துக்கு அது நல்ல வேலைதான். இன்று அதை வைத்திருக்கக் காரணம் எதுவுமில்லை.

டபிள்யூபிஏ-2 வந்தது 2004-இல். கலக்கும் முறையையே மாற்றி 'ஏஇஎஸ்'ஸைக் கொண்டுவந்தார்கள். 2006 மார்ச்சிலிருந்து, வைஃபை முத்திரை பெற வேண்டும் என்றால் கருவியில் இது இருந்தே ஆக வேண்டும் என்று ஆனது. இன்றும் பெரும்பாலான வீடுகளில் இருப்பது இதுதான். டபிள்யூபிஏ-3 வந்தது 2018-இல்; 2020 ஜூலைக்குப் பிறகு முத்திரை வாங்கும் கருவிகளுக்கு இது கட்டாயம்.

படி 2: ரவுட்டருக்குள் போங்கள்

ரவுட்டரைத் தலைகீழாகத் திருப்புங்கள். அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஒரு முகவரி (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1), ஒரு பயனர் பெயர், ஒரு கடவுச்சொல் இருக்கும். வீட்டு வைஃபையில் இருந்தபடியே பிரவுசரில் அந்த முகவரியை அடித்தால் ரவுட்டரின் பக்கம் திறக்கும்.

இங்கே புதிதாக வருபவர்கள் குழம்புவது ஒன்று உண்டு. ரவுட்டருக்கு இரண்டு கடவுச்சொற்கள். ஒன்று வைஃபையில் இணைவதற்கு. மற்றது இந்த நிர்வாகப் பக்கத்துக்குள் நுழைவதற்கு. முதலாவது தெருக்கதவுச் சாவி என்றால் இரண்டாவது பீரோச் சாவி. பல ரவுட்டர்களில் இரண்டாவது இன்னமும் 'அட்மின்', 'அட்மின்' என்றே கிடக்கிறது. உள்ளே போனதும் முதல் வேலையாக அதை மாற்றிவிடுங்கள். அதே பக்கத்தில் 'ரிமோட் மேனேஜ்மென்ட்' என்று ஏதாவது இருந்து, அது ஆன் ஆகியிருந்தால் அணைத்துவிடுங்கள். உங்கள் ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தை வெளியூரிலிருந்து யாரும் திறக்க வேண்டிய அவசியமில்லை.

சில இணைய நிறுவனங்கள் தாங்கள் தரும் ரவுட்டரில் இந்தப் பக்கத்தைப் பூட்டி வைத்திருக்கும். அப்படியானால் அவர்களுடைய செயலியில் பாருங்கள்; இல்லாவிட்டால் வாடிக்கையாளர் சேவையை அழைத்துக் கேளுங்கள்.

படி 3: பூட்டை மாற்றுங்கள்

'வயர்லெஸ்' அல்லது 'டபிள்யூலான்' என்ற பிரிவுக்குள் 'செக்யூரிட்டி மோட்' இருக்கும். சில ரவுட்டர்களில் 'ஆதென்டிகேஷன்' ஒரு இடத்தில், 'என்கிரிப்ஷன்' ஒரு இடத்தில் என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளுக்கும் தனித்தனிப் பக்கம் இருந்தால் இரண்டிலும் மாற்ற வேண்டும். பலர் ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை மறந்துவிடுவார்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது? வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளும் சமீபத்தில் வாங்கியவை என்றால் டபிள்யூபிஏ-3 மட்டும். பழைய டிவி, பிரிண்டர், கேமரா என்று ஏதாவது இருந்தால் டபிள்யூபிஏ-2, டபிள்யூபிஏ-3 இரண்டும் கலந்த முறை. ரவுட்டரில் 3 இல்லவே இல்லை என்றால் டபிள்யூபிஏ-2, கூடவே ஏஇஎஸ்.

'டபிள்யூபிஏ, டபிள்யூபிஏ-2 மிக்ஸ்ட்' என்று ஒரு தேர்வு பல ரவுட்டர்களில் இருக்கும். எல்லாக் கருவிக்கும் பொருந்தும் என்று அதையே போட்டுவைத்திருப்பார்கள். வேண்டாம். பழைய டிகேஐபி அதில்தான் ஒளிந்திருக்கிறது. பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படாதவர்களுக்கும் ஒரு செய்தி: டிகேஐபியில் இணையும் கருவிக்கு 54 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் வேகம் கிடைக்காது, புதிய தரநிலைகள் அதற்கு மேல் அனுமதிப்பதில்லை. 200 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டிவிட்டு நெட் மெதுவாக இருக்கிறது என்று கம்பெனியோடு சண்டை போடுவதற்கு முன்பு இதை ஒரு முறை பாருங்கள்.

படி 4: கடவுச்சொல்

தரநிலையின் பெயரைப் பார்த்துவிட்டு "டபிள்யூபிஏ-2 இருக்கிறது, போதும்" என்று எழுந்து போகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. பூட்டு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், சாவியை ஊகித்துவிட முடியும் என்றால் என்ன பயன்?

எங்கள் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்த பையன் என் மொபைல் எண்ணையே வைஃபை கடவுச்சொல்லாகப் போட்டுவிட்டு, "சார், மறக்காது" என்றான். உண்மைதான், மறக்காது. ஆனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

டபிள்யூபிஏ-2-இல் உங்கள் போன் கடவுச்சொல்லைக் காற்றில் அனுப்புவதே இல்லை. ரவுட்டரும் போனும் நான்கு செய்திகளைப் பரிமாறிக்கொண்டு, கடவுச்சொல்லைச் சொல்லாமலே 'எனக்குத் தெரியும்' என்று நிரூபித்துக்கொள்கின்றன. சிக்கல் என்னவென்றால், தெருவில் நிற்கும் ஒருவர் அந்த நான்கு செய்திகளையும் பதிவு செய்துகொள்ளலாம். உங்கள் போன் புதிதாக இணையும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. 'இணைப்பைத் துண்டி' என்று ஒரு போலிக் கட்டளையை வீசினால் போன் தானாக விலகித் திரும்ப இணையும். பதிவு கிடைத்ததும் அவர் வீட்டுக்குப் போய்விடுவார். அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொரு கடவுச்சொல்லாகப் போட்டுப் பார்ப்பார். சரியானது மாட்டினால் கணக்கு பொருந்தும். இது நடப்பது உங்கள் ரவுட்டருக்குத் தெரியாது. எத்தனை முறை தவறினாலும் யாரும் தடுக்கப்போவதில்லை.

இதைக் கடினமாக்கத்தான், ஒவ்வொரு ஊகத்தையும் 4,096 முறை அரைத்தால்தான் விடை வரும்படி அப்போதே வைத்தார்கள். 2004-இன் கணினிகளுக்கு அது பெரிய சுமை. இன்றைய உயர் ரக கேமிங் கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று அந்த அரைப்பையும் செய்து நொடிக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட ஊகங்களைப் போட்டுப் பார்த்துவிடும்.

இந்திய மொபைல் எண் பத்து இலக்கம்; முதல் இலக்கம் 6, 7, 8, 9 என்ற நான்கில் ஒன்று. ஆக மொத்தம் 400 கோடி சாத்தியங்கள். இருபது லட்சத்தால் வகுங்கள். 2,000 நொடிகள். அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். அதுவும் ஒன்று விடாமல் எல்லா எண்களையும் போட்டுப் பார்க்க. என் எண் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியின் 'நோ பார்க்கிங்' அட்டையிலேயே எழுதியிருக்கிறது என்பதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

பிறந்த தேதி, பிள்ளை பெயரோடு 123, குலதெய்வத்தின் பெயரோடு 786 அல்லது 108 எல்லாம் இதைவிட மோசம். சினிமாப் பாட்டின் முதல் வரி, திருக்குறள் அடி, பழமொழி என்று போனால் நீளமாக இருக்கும். ஆனால் பலருக்கும் தெரிந்த வரி எதுவானாலும் யாராவது ஒரு பட்டியலில் சேர்த்திருப்பார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்லும் வழி இது. ஒரு தமிழ் அகராதியை எடுத்துக் கண்ணை மூடி ஐந்து இடங்களில் திறங்கள். விரல் பட்ட சொல்லை எழுதிக்கொள்ளுங்கள். முறுக்கு, ஏணி, பௌர்ணமி, சாணை, உப்பளம் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாமல் வரும். அவற்றை ஆங்கில எழுத்தில், நடுவில் ஒரு கோடு வைத்து அடியுங்கள். (இந்த ஐந்தையே போட்டுவிடாதீர்கள்.) எட்டு முதல் 63 எழுத்துகள் வரை தரநிலை அனுமதிக்கிறது, இடம் தாராளம். அகராதியில் ஆயிரம் சொற்கள்தான் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டாலும் ஐந்து சொற்களுக்கு ஆயிரம் லட்சம் கோடி சேர்க்கைகள். மேலே சொன்ன அதே கார்டுக்கு அத்தனையையும் முடிக்கப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். உங்கள் அகராதியில் ஆயிரம் சொற்களா இருக்கின்றன? அப்புறம், சொற்களை நீங்களே 'யோசித்து' எடுக்காதீர்கள். மனிதர்கள் யோசித்தால் மல்லிகையும் நிலாவும்தான் வரும்.

நெட்வொர்க்கின் பெயரையும் இதோடு மாற்றிவிடுங்கள். கடவுச்சொல்லை அரைக்கும்போது இந்தப் பெயரும் மாவில் சேர்கிறது. ரவுட்டரோடு வந்த, உலகமெங்கும் புழங்கும் இயல்புப் பெயர் என்றால், அதற்கான கணக்கை முன்கூட்டியே போட்டு வைத்துவிட முடியும். புதுப் பெயரில் வீட்டு எண்ணும் உங்கள் பெயரும் வேண்டாம்.

டபிள்யூபிஏ-3 இந்த ஊகிக்கும் விளையாட்டைத்தான் நிறுத்துகிறது. அதில் இணையும் முறை வேறு. பதிவு செய்து வீட்டுக்கு எடுத்துப் போனாலும் பயனில்லை. ஒவ்வொரு ஊகத்துக்கும் ரவுட்டரோடு நேரில் பேசியாக வேண்டும். நொடிக்கு இருபது லட்சம் என்பதெல்லாம் அங்கே நடக்காது. இணைப்பைத் துண்டிக்கும் போலிக் கட்டளைக்கும் பாதுகாப்பு அதில் கட்டாயம். இன்னொரு வசதி: இன்று பதிவு செய்து வைத்ததை, நாளை கடவுச்சொல் தெரிந்தாலும் பிரித்துப் படிக்க முடியாது. டபிள்யூபிஏ-2-இல் முடியும்.

ஆனால் கலந்த முறையில் வைத்திருந்தால், பழைய டிவி இன்னமும் டபிள்யூபிஏ-2-இல்தான் பேசும். கடவுச்சொல் இரண்டுக்கும் ஒன்றே. ஆகவே அந்த ஐந்து சொற்கள் அப்போதும் வேண்டும்.

படி 5: டபிள்யூபிஎஸ்ஸை அணையுங்கள்

ரவுட்டரில் ஒரு பொத்தானை அழுத்தினால், அல்லது எட்டு இலக்க எண் ஒன்றைக் கொடுத்தால், கடவுச்சொல் இல்லாமலே இணைந்துவிடும் வசதி இது. எட்டு இலக்கம் என்றால் பத்து கோடி சாத்தியங்கள் என்று தோன்றும். ஆனால் ரவுட்டர் முதல் நான்கு இலக்கங்களைத் தனியாகச் சரிபார்த்து 'சரி, தவறு' சொல்லிவிடுகிறது. அது 10,000. மீதி நான்கில் கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண். ஆக 1,000. மொத்தமாக 11,000 முயற்சிகள். சில மணி நேர வேலை. 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் ஃபீபாக் என்ற ஆய்வாளர் இதை வெளியிட்டார். நீங்கள் 40 எழுத்தில் கடவுச்சொல் வைத்திருந்தாலும் இந்தப் பின்வாசல் திறந்திருந்தால் எல்லாம் வீண். அணைத்துவிடுங்கள்.

படி 6: அப்டேட்

2017 அக்டோபரில் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்தி வான்ஹூஃப் 'கிராக்' என்ற ஓட்டையைக் காட்டினார். டபிள்யூபிஏ-2-இன் நான்கு செய்திகளில் மூன்றாவதைத் திரும்பத் திரும்ப அனுப்பினால், கருவி ஏற்கெனவே பயன்படுத்திய சாவியை மறுபடியும் புதிதுபோல எடுத்துக்கொள்ளும். அப்போதைய சில ஆண்ட்ராய்டு போன்கள் இன்னும் ஒரு படி மேலே போய், சாவியையே முழுக்கப் பூஜ்யமாக ஆக்கிக்கொண்டன. 2019-இல் அவரும் எயல் ரோனனும் சேர்ந்து டபிள்யூபிஏ-3-இலும் குறை கண்டுபிடித்தார்கள். 2021-இல் வெளியான 'ஃபிராக் அட்டாக்ஸ்' குறைகளில் சில 1997-இன் வடிவமைப்பிலிருந்தே இருந்தவை.

பயப்படச் சொல்லவில்லை. இவை பெரும்பாலும் மென்பொருள் அப்டேட்டில் அடைபட்டவை. ரவுட்டர் பக்கத்தில் 'ஃபர்ம்வேர் அப்டேட்' எங்கே என்று பார்த்து, தானாக நடக்கும்படி வைக்க முடிந்தால் வையுங்கள். கிராக் முக்கியமாகத் தாக்கியது போன், லேப்டாப் பக்கத்தை. ஆகவே அவற்றின் அப்டேட்டையும் தள்ளிப்போடாதீர்கள். கம்பெனி கைவிட்டுவிட்ட ஆறேழு வருடப் பழைய ரவுட்டர் என்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

படி 7: விருந்தாளிக்குத் தனி அறை

'கெஸ்ட் நெட்வொர்க்' என்ற வசதி ஏறக்குறைய எல்லா ரவுட்டரிலும் உண்டு. பெயர்தான் விருந்தாளிக்கு, நான் அதில் போட்டிருப்பது டிவி, சிசிடிவி கேமரா, வைஃபை பல்பு ஆகியவற்றை. இவற்றுக்கு அப்டேட் எப்போது வரும், வருமா என்பதே தெரியாது. உங்கள் லேப்டாப் இருக்கும் நெட்வொர்க்கில் இவற்றுக்கு என்ன வேலை? உறவினர்கள் வந்தால் அவர்களுக்கும் இந்தக் கடவுச்சொல்லையே கொடுங்கள். ஊருக்குப் போனதும் மாற்றிவிட்டால் யாருக்கும் மனவருத்தம் இல்லை.

நேரத்தை வீணாக்க வேண்டாத இரண்டு

நெட்வொர்க்கின் பெயரை மறைத்துவைப்பது பெரிய பாதுகாப்பு என்று யாராவது சொல்வார்கள். எந்தக் கருவியாவது இணையும்போது அந்தப் பெயர் காற்றில் போகத்தான் செய்யும். போதாததற்கு, மறைந்த நெட்வொர்க்கைத் தேடி உங்கள் போன் போகிற இடமெல்லாம் அதன் பெயரைக் கூவிக்கொண்டு திரியும். 'மேக் ஃபில்டர்' என்று, குறிப்பிட்ட கருவிகளை மட்டும் அனுமதிக்கும் வசதியும் இதே வகை. அனுமதி பெற்ற கருவியின் எண்ணைக் கேட்டு, அதையே தன் எண்ணாகப் போட்டுக்கொள்ளச் சில நொடிகள் போதும். புதுப் போன் வாங்கும்போதெல்லாம் உங்களுக்குத்தான் தொல்லை.

கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

பத்துப் பேர் வேலை பார்க்கும் இடத்தில் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல் என்றால், ஒருவர் வேலையை விட்டுப் போகும் நாளில் அதை மாற்ற வேண்டும். யாரும் மாற்றுவதில்லை. ஆளுக்கு ஒரு பயனர் பெயர், ஒரு கடவுச்சொல் என்று தரும் 'என்டர்பிரைஸ்' முறை இதற்காகவே இருக்கிறது. அமைத்துத் தர ஆள் வேண்டும்; வைத்துக்கொள்ளுங்கள். அது முடியாவிட்டாலும், பில் போடும் கணினியும் கார்டு இயந்திரமும் இருக்கும் நெட்வொர்க்கை வாடிக்கையாளருக்குத் திறந்துவிடாதீர்கள்.

கடைசியாக

கடவுச்சொல்லை மாற்றியதும் வீட்டில் எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் விழுந்துவிடும். முதல் போனில் மட்டும் கையால் அடியுங்கள். பிறகு அதன் வைஃபை பக்கத்தில் 'ஷேர்' என்பதைத் தொட்டால் ஒரு கியூஆர் கட்டம் வரும். மற்ற போன்களில் அதை ஸ்கேன் செய்தால் போதும். டிவிக்கு அந்த வழி கிடையாது. ரிமோட்டை வைத்துக்கொண்டு 'உப்பளம்' என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடிக்க வேண்டும். பொறுமை.

பழைய நெட்வொர்க்கையும், பஸ் நிலையத்திலும் ஹோட்டலிலும் எப்போதோ இணைந்த திறந்த நெட்வொர்க்குகளையும் போனிலிருந்து 'ஃபர்கெட்' செய்துவிடுங்கள். அதே பெயரில் யாராவது ஒரு போலி வைஃபையை வைத்தால் உங்கள் போன் கேட்காமல் போய் ஒட்டிக்கொள்ளும்.

ஐந்து சொற்களையும் ஒரு தாளில் எழுதி சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். எழுதிவைக்கக் கூடாது என்பது ஆபீஸுக்கான விதி. தெருவில் காரில் உட்கார்ந்து ஊகம் போடுபவருக்கு உங்கள் மிளகாய்த்தூள் டப்பா தெரியப்போவதில்லை.